ஓ'டிரிஸ்காலின் கணக்கை எப்படி எடைபோடுவது?

2014 மார்ச் 8 அன்று டப்ளின் அவிவா அரங்கில் இத்தாலிக்கு எதிராகக் களமிறங்கியபோது, அயர்லாந்து ரக்பி வீரர் பிரையன் ஓ'டிரிஸ்கால் தன் 140ஆவது டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கிரெகன் வைத்திருந்த 139 என்ற உலக சாதனை அன்று முறிந்தது. அடுத்த வாரம் பாரிஸில் பிரான்ஸை 22-20 என்று வென்று அயர்லாந்து ஆறு நாடுகள் கோப்பையைக் கைப்பற்றியது. அதுவே அவருடைய 141ஆவதும் கடைசியுமான சர்வதேச ஆட்டம். அயர்லாந்துக்காக 133, பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டணியான லயன்ஸ் அணிக்காக 8.

அந்த உலக சாதனை அதிக நாள் நிற்கவில்லை. 2015இல் நியூசிலாந்தின் ரிச்சி மெக்காவ் அதைத் தாண்டினார். பிறகு வேல்ஸின் ஆலன் வின் ஜோன்ஸ் 170 வரை கொண்டுபோனார். 2024 நவம்பரில், அயர்லாந்துக்காக மிக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற பெயரும் முன்வரிசை வீரர் கியன் ஹீலியிடம் போய்விட்டது. பத்தே ஆண்டுகளில் தலையாய எண்கள் இரண்டும் கைமாறின. ஆனாலும் அயர்லாந்து ரக்பியில் முதல்வர் யார் என்ற பேச்சு எழும்போது முன்னால் வருவது இன்னும் இவர் பெயர்தான். இதற்கு ரசிகர்களின் பாசம் மட்டும் காரணமா, அசைக்க முடியாத ஆதாரம் ஏதும் உண்டா? அவர் கணக்கில் காலம் கொடுத்தது எவ்வளவு, அமைப்பு கொடுத்தது எவ்வளவு, அவரே உழைத்துச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

ரக்பி யூனியன் என்றால் கண்டி, கொழும்பு வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழகத்தில் பலருக்குத் தேவைப்படும். ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் பதித்தால் அது ட்ரை, 5 புள்ளி. முன்வரிசையில் உள்ள எட்டுப் பேர் உடல் பலத்தால் பந்தை வென்று தருவார்கள். பின்வரிசை ஏழு பேர் அதைக் கொண்டு ஓடுவார்கள். ஓரங்களில் நிற்கும் விங் வீரர்களுக்குத்தான் திறந்தவெளி கிடைக்கும், ட்ரையும் அவர்களுக்கே அதிகம் விழும். ஓ'டிரிஸ்கால் அணிந்தது 13ஆம் எண் சட்டை, வெளிப்புற சென்டர். நெரிசலின் விளிம்பில் நின்று, அரை நொடியில் முடிவெடுத்து, தானே புகுவதா பக்கத்தில் உள்ளவனுக்குக் கொடுப்பதா என்று தீர்மானிக்கும் இடம் அது. தற்காப்பில் அது இன்னும் கடினம். எதிரணி விரித்து ஆடும்போது முதலில் ஓட்டை விழுவது அங்கேதான்.

அவர் பிறந்தது 1979 ஜனவரி 21, டப்ளினில். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். தந்தை ஃபிராங்க் 1970இல் அர்ஜென்டினாவுக்கு எதிராக அயர்லாந்துக்காக ஆடியவர், அந்த ஆட்டங்களுக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. உறவினர்களில் பேரி, ஜான் என்ற இருவர் அயர்லாந்து சட்டை அணிந்தவர்கள். ஜான் லயன்ஸ் அணிக்கும் போனவர். பிரையன் பிளாக்ராக் கல்லூரி என்ற பள்ளியில் படித்தார். டப்ளினின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் இடம் அது. ரக்பி அங்கே கிட்டத்தட்ட ஒரு பாடம். திண்ணையிலிருந்து அரண்மனைக்குப் போன கதை இல்லை இது. வாய்ப்பு நிறைந்த வீட்டில், வாய்ப்பு நிறைந்த பள்ளியில் வளர்ந்தவர். ஆனால் அந்த வாய்ப்பெல்லாம் அவருக்கு முன்பு எத்தனையோ தலைமுறைக்கும் கிடைத்திருந்தது. அயர்லாந்து மட்டும் வெல்லவில்லை.

1990களின் அயர்லாந்து ரக்பியை நினைவுகூராமல் இவரை அளக்க முடியாது. 1998இல், பின்னாளில் ஆறு நாடுகள் போட்டியாக மாறிய ஐந்து நாடுகள் போட்டியின் நான்கு ஆட்டங்களிலும் அயர்லாந்து தோற்றது. பாரிஸில் பிரான்ஸை 1972இல் வென்ற பிறகு ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. 1995இல் ரக்பி தொழில்முறை ஆட்டமானதும் இங்கிலாந்துக் கழகங்களின் பணம் அயர்லாந்தின் சிறந்த வீரர்களை அள்ளிக்கொண்டு போனது. 1999 உலகக் கோப்பையில் லென்ஸ் நகரில் அர்ஜென்டினாவிடம் 28-24 என்று தோற்று, காலிறுதிக்குக்கூடப் போகாமல் திரும்பினார்கள். வீரத்தோடு தோற்பதையே ஒரு குணமாகப் பாராட்டிப் பழகிய அணி அது.

1999 ஜூன் 12 அன்று பிரிஸ்பேனில் 20 வயதில் ஓ'டிரிஸ்கால் அறிமுகமானது இந்த அணியில்தான். தன் மாகாண அணியான லெய்ன்ஸ்டரின் மூத்தோர் அணிக்கு ஆடுவதற்கு முன்பே நாட்டுக்கு ஆடிவிட்டார். அவரைத் தேர்ந்தெடுத்தவர் நியூசிலாந்துக்காரரான பயிற்சியாளர் வாரன் காட்லண்ட். அந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு ஆண்டு கழித்து மீண்டும் வரும். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 46-10 என்று நொறுக்கியது. 2000 பிப்ரவரியில் டிவிக்கன்ஹாமில் இங்கிலாந்து 50 புள்ளி அடித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு காட்லண்ட் துணிந்து ஒரே ஆட்டத்தில் ஐந்து புதியவர்களை இறக்கினார். ரோனன் ஓ'காரா, பீட்டர் ஸ்டிரிங்கர், ஜான் ஹேய்ஸ், ஷேன் ஹார்கன் ஆகிய நால்வர் அவர்களில் அடங்குவர். அடுத்த பத்தாண்டின் அயர்லாந்து அந்த ஒரு பிற்பகலில் பிறந்தது என்றே சொல்லலாம்.

பிறகு 2000 மார்ச் 19, பாரிஸ். அன்று 21 வயது ஓ'டிரிஸ்கால் மூன்று ட்ரை அடித்தார். அயர்லாந்து 27-25 என்று வென்றது. 28 ஆண்டுக்குப் பின் பாரிஸில் கிடைத்த வெற்றி. அந்த மூன்று ட்ரைகளையும் இன்று பார்க்கும்போது என்னை ஈர்ப்பது வேகமல்ல, எதிர்பார்ப்பு. பந்து எங்கே வந்து சேரும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து அங்கே போய் நிற்கிறார். சக வீரன் தடுப்பை உடைக்கும் முன்பே இவர் ஓடத் தொடங்கியிருக்கிறார். கற்றுக்கொடுத்து வரும் திறமையில் இது சேர்த்தியல்ல.

இனி எண்களுக்கு வருவோம். முதலில் ஆட்டங்களின் எண்ணிக்கை. அயர்லாந்தின் முந்தைய மாபெரும் சென்டர் மைக் கிப்சன் 1964இல் தொடங்கி 1979இல் முடித்தார். பதினைந்து ஆண்டு, 69 ஆட்டம். ஓ'டிரிஸ்கால் 1999இல் தொடங்கி 2014இல் முடித்தார். அதே பதினைந்து ஆண்டு, 133 ஆட்டம். கிப்சனைவிட இரு மடங்கு நீடித்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிப்சன் காலத்தில் வீரர்கள் ஊதியமின்றி, வேலைக்கு நடுவே ஆடினார்கள். ஆண்டுக்கு நான்கைந்து டெஸ்ட் ஆட்டங்களே இருந்தன. தொழில்முறைக் காலத்தில் அவை பத்தைத் தாண்டின. உலகக் கோப்பை வந்தது, நவம்பர் ஆட்டங்கள் வந்தன, ஜூன் பயணங்கள் வந்தன. ஆக 133 என்ற எண்ணில் பாதியைக் காலத்தின் கணக்கில் எழுதுவதே நியாயம். அந்தச் சாதனை முறிந்ததில் வியப்பில்லை, வருத்தப்படவும் ஏதுமில்லை. இன்றைய முன்வரிசை வீரர்கள் மாற்று ஆளாக இருபது நிமிடம் ஆடினாலும் அது ஓர் ஆட்டமாகக் கணக்கில் ஏறும். ஓ'டிரிஸ்கால் ஆடியவற்றில் மிகப் பெரும்பாலானவை தொடக்கம் முதல் ஆடியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ட்ரைகளின் கணக்கு வேறு மாதிரி. அயர்லாந்துக்காக 46, லயன்ஸுக்காக 1. அவருக்கு முன் தொண்ணூறுகளில் அயர்லாந்தின் சாதனையை வைத்திருந்தவர் பிரெண்டன் முல்லின். அவரும் சென்டர், அவரும் பிளாக்ராக் மாணவர். அவர் அடித்தது 55 ஆட்டத்தில் 17. ஆட்டங்கள் பெருகினால் ட்ரைகளும் பெருகும்தானே என்று கேட்கலாம், கேட்க வேண்டும். 133 ஆட்டத்தில் 46 என்றால் ஏறக்குறைய மூன்று ஆட்டத்துக்கு ஒன்று. முல்லினுடையதும் கிட்டத்தட்ட அதே வீதம்தான், மூன்றே காலுக்கு ஒன்று. வீதத்தை மட்டும் பார்த்தால் ஓ'டிரிஸ்காலின் மேன்மை சுருங்கிப்போகிறது.

எனவே இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். 46இல் 26 ட்ரை ஆறு நாடுகள் போட்டியில் வந்தவை. அந்தப் போட்டியில் அவர் ஆடியது 65 ஆட்டம். அதாவது பத்து ஆட்டத்துக்கு நான்கு ட்ரை. மற்ற 68 ஆட்டங்களில் வந்தது 20தான், பத்துக்கு மூன்று. வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். உலகக் கோப்பையிலும் கோடைப் பயணங்களிலும் வலுவற்ற அணிகள் கிடைக்கும்போது ட்ரைகளைக் குவித்து எண்ணைப் பெருக்கிக்கொண்டவர்கள் பலர். இவரோ ஒவ்வோர் ஆண்டும் சந்தித்து, ஒவ்வோர் அசைவையும் படித்து வைத்திருக்கும் அணிகளுக்கு எதிராக, பிப்ரவரி மார்ச் மாத ஈரத்திலும் காற்றிலும் அதிகம் அடித்திருக்கிறார். 2011 மார்ச் 19 அன்று டப்ளினில் இங்கிலாந்தை 24-8 என்று வென்றபோது அடித்த ட்ரையால், ஸ்காட்லாந்தின் இயன் ஸ்மித் 1933இல் நிறுத்திவிட்டுப் போன 24 என்ற தொடர் சாதனையை முறியடித்தார். எழுபத்தெட்டு ஆண்டு நின்ற சாதனை அது. ஸ்மித் அதை 32 ஆட்டத்தில் எட்டினார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஸ்மித் விங், ஆடியது தளர்ந்த தற்காப்புகளின் காலம். ஒரு சென்டர், நவீனத் தற்காப்புக்கு எதிராக அதைத் தாண்டினார் என்பதில்தான் கனம் இருக்கிறது.

இந்தக் கணக்கை நெருங்கி ஆராயும்போது இன்னொன்றும் புலப்படுகிறது. அவருடைய தொடக்க கால ட்ரைகளும் பிற்கால ட்ரைகளும் ஒரே மனிதன் அடித்தவை போல் இருக்காது. 2001 ஜூன் 30 அன்று பிரிஸ்பேன் காபா அரங்கில் லயன்ஸ் அணிக்காக அடித்ததைப் பாருங்கள். நான்கு நாடுகளின் சிறந்த வீரர்களைத் திரட்டி நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தெற்கே போகும் அணி லயன்ஸ். உலக சாம்பியனான ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைப் பிளந்து, கடைசித் தடுப்பாளர் மாட் பர்க்கை ஓட்டத்திலேயே ஏமாற்றிவிட்டு ஓடினார். லயன்ஸ் 29-13 என்று வென்றது. தொடரை 2-1 என்று இழந்தாலும் அந்த ஓட்டம் மறக்கப்படவில்லை. லயன்ஸ் ரசிகர்கள் அவர் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவருக்கு அப்போது 22 வயது.

அடுத்து 2005. லயன்ஸ் அணிக்கு அவர் தலைவர், இடம் நியூசிலாந்து. ஜூன் 25 அன்று கிரைஸ்ட்சர்ச்சில் முதல் டெஸ்ட் தொடங்கிய முதல் நிமிடங்களிலேயே, பந்து வேறெங்கோ போன பிறகு, எதிரணித் தலைவர் டானா உமாகாவும் கெவன் மெயலாமுவும் ஆளுக்கொரு காலாக அவரைத் தூக்கித் தலைகீழாக நிலத்தில் இறக்கினார்கள். கழுத்து முறியாமல் இருக்க அவர் கையை ஊன்றினார், தோள்மூட்டு விலகியது. பயணம் அங்கேயே முடிந்தது. லயன்ஸ் மூன்று டெஸ்டையும் இழந்தது. இரு வீரர்கள் மீதும் எந்தத் தண்டனையும் வரவில்லை. இதை நான் அநீதி என்றே எழுதுகிறேன். நோக்கம் என்னவாக இருந்தாலும், ஒருவனை இடுப்புக்கு மேல் தூக்கித் தலை கீழாக விடுவது உயிரோடு விளையாடுவது. அந்த நிகழ்வுக்குப் பிறகு உலக ரக்பி நிர்வாகம் தூக்கி இறக்கும் தடுப்பைக் கடுமையாகப் பார்க்கத் தொடங்கியது. 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் வேல்ஸ் தலைவர் சாம் வார்பர்ட்டன் பிரெஞ்சு வீரர் ஒருவரைத் தூக்கி இறக்கியதற்காக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஆறே ஆண்டில் ஆட்டம் அவ்வளவு தூரம் நகர்ந்திருந்தது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தவர் வேறு வீரர். பழைய வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது; தொடை, தோள், கழுத்து என்று காயங்கள் வரிசையில் நின்றன. பின்வரிசை வீரர்கள் பலர் இந்தக் கட்டத்தில் மங்கிப்போவார்கள். ஓ'டிரிஸ்கால் தன் ஆட்டத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார். எதிரணியில் ஒருவனை வீழ்த்தியதும் நொடியில் எழுந்து, குனிந்து, அவன் பிடியிலிருந்து பந்தைப் பறிக்கும் வேலை முன்வரிசையின் ஃபிளாங்கர்களுக்கு உரியது. அதை இவர் 13ஆம் எண்ணில் நின்று செய்தார். அயர்லாந்துக்குக் கூடுதலாக ஒரு ஃபிளாங்கர் கிடைத்தது போலாயிற்று. தற்காப்பில் எப்போது முன்னே பாய வேண்டும், எப்போது பின்வாங்கி ஓரத்துக்குத் தள்ள வேண்டும் என்ற கணிப்பில் அவருக்கு நிகர் அன்று எவரும் இல்லை. ஆறு நாடுகள் போட்டியின் சிறந்த வீரர் விருது அவருக்கு 2006, 2007, 2009 என்று மூன்று முறை கிடைத்தது. மூன்றும் 2005 காயத்துக்குப் பிறகு வந்தவை. இருபத்திரண்டு வயதில் பாட்டுக் கட்டிப் பாடப்பட்டவர், உச்சம் தொட்டது முப்பதில்.

2009ஆம் ஆண்டின் ட்ரைகளில் இந்த மாற்றம் பச்சையாகத் தெரியும். குரோக் பார்க்கில் இங்கிலாந்தை 14-13 என்று வென்ற ஆட்டத்திலும், கார்டிஃப் நகரில் வேல்ஸை வென்ற ஆட்டத்திலும் அவர் அடித்தவை நீண்ட ஓட்டங்கள் அல்ல. கோட்டுக்கு ஓரிரு அடி முன்னால், முன்வரிசையின் குவியலுக்கு அடியில் பந்தைத் தூக்கிக்கொண்டு தலையை நுழைத்துத் திணித்தவை. முன்வரிசை ஆட்கள் செய்யும் கரடுமுரடான வேலை. அணிக்கு அந்த நொடியில் எது தேவையோ அதைச் செய்தார்.

கார்டிஃப் ஆட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2004, 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் அயர்லாந்து டிரிபிள் கிரவுன் வென்றிருந்தது. அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் ஒரே பருவத்தில் தோற்கடித்தல். 1985க்குப் பிறகு வராத பெருமை நான்கு ஆண்டில் மூன்று முறை வந்தது, மூன்றுக்கும் ஓ'டிரிஸ்கால்தான் தலைவர். ஆனால் ஒவ்வொரு முறையும் பிரான்ஸ் குறுக்கே நின்றது, கோப்பை கைக்கு எட்டவில்லை. எல்லா அணிகளையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாம் 1948இல் ஒரே ஒரு முறை வந்ததோடு சரி. 2007 உலகக் கோப்பையில் அணி சரிந்து, பிரிவுச் சுற்றிலேயே வெளியேறியது. பயிற்சியாளர் மாறினார், டெக்லன் கிட்னி வந்தார்.

2008 டிசம்பரில் என்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு விடுதியில் வீரர்கள் கூடினார்கள். அங்கே லெய்ன்ஸ்டரின் இளம் வீரர் ராப் கியர்னி, மன்ஸ்டர் மாகாணத்துக்காரர்கள் தங்கள் மாகாணத்துக்காக ஆடும் அதே வெறியோடு நாட்டுக்காக ஆடுவதில்லையே, ஏன் என்று நேராகவே கேட்டுவிட்டார். அயர்லாந்து அணியில் மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர் என்ற பிளவு சாதாரணமானதல்ல. மன்ஸ்டர் 2006இலும் 2008இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. லெய்ன்ஸ்டர் மென்மையானவர்களின் அணி என்று ஏளனம் செய்யப்பட்டது. நாட்டு அணித் தலைவரோ அந்த மென்மையான அணிக்காரர். இப்படிப்பட்ட ஒரு கேள்வி அணியை உடைத்திருக்கலாம். இங்கே அது சேர்த்தது. இதில் ஓ'டிரிஸ்காலின் பங்கு மேடைப் பேச்சு அல்ல. அடுத்த ஐந்து ஆட்டத்தில் நான்கில் ட்ரை அடித்து, எல்லாவற்றிலும் அடிபட்டு எழுந்து நின்றதுதான்.

2009 மார்ச் 21. இடைவேளையில் வேல்ஸ் 6-0 என்று முன்னிலை. பிறகு ஓ'டிரிஸ்காலின் ட்ரை, உடனே டாமி போவின் ட்ரை. ஆனாலும் வேல்ஸ் பெனால்டிகளால் ஏறி வந்து, முடிவு நெருங்கும் நேரத்தில் ஸ்டீபன் ஜோன்ஸின் டிராப் கோலால் (பந்தைத் தரையில் விழவிட்டு உடனே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 15-14 என்று முந்தியது. 78ஆம் நிமிடத்தில் ஓ'காரா டிராப் கோல் அடித்து 17-15 ஆக்கினார். கடைசி நொடியில் ஜோன்ஸ் நீண்ட தொலைவிலிருந்து உதைத்த பெனால்டி கம்பத்தை எட்டாமல் விழுந்தது. அறுபத்தோரு ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது. 1948 அணியின் நாயகன் ஜாக் கைல், 83 வயதில், அன்று அரங்கில் இருந்தார்.

இரண்டு மாதத்தில் லெய்ன்ஸ்டரும் தன் கடனைத் தீர்த்தது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மன்ஸ்டரைக் குரோக் பார்க்கில் 82,208 பேர் முன்னிலையில் 25-6 என்று வீழ்த்தியது. அன்று எதிரணியில் நின்ற ஓ'காரா வீசிய பந்தை ஓ'டிரிஸ்கால் குறுக்கே பாய்ந்து பிடித்து நெடுந்தொலைவு ஓடி ட்ரை அடித்தார். எடின்பரோ இறுதியாட்டத்தில் லெஸ்டரை 19-16 என்று வென்று முதல் கோப்பை. அடுத்து 2011, 2012 என்று மேலும் இரண்டு.

இந்த வெற்றிகளை எல்லாம் ஒரு தனி மனிதனுக்கு எழுதிவைப்பது தவறு. அயர்லாந்து ரக்பி சங்கம் எடுத்த முடிவுகளின் பங்கு பெரிது. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் வீரர்கள் கழகங்களின் சொத்து. கழகம் சொன்னபடி வாரந்தோறும் ஆட வேண்டும். அயர்லாந்தில் முன்னணி வீரர்களோடு சங்கமே ஒப்பந்தம் போட்டது. யார் எத்தனை ஆட்டம் ஆடலாம், எப்போது ஓய்வு என்பதை அதுவே முடிவு செய்தது. ஓ'டிரிஸ்கால் பதினைந்து ஆண்டில் லெய்ன்ஸ்டருக்கு ஆடியது 180க்குச் சற்று மேல். ஆண்டுக்குச் சராசரி பன்னிரண்டு. கழக முறையில் சிக்கியிருந்தால் அந்த உடல் முப்பதைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே. 2002இல் அயர்லாந்து அரசு கொண்டுவந்த வரிச் சலுகையும் உண்டு: நாட்டிலேயே தங்கி ஆடி ஓய்வு பெறும் விளையாட்டு வீரர்கள் பத்து ஆண்டு வருமானத்துக்குக் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். சிறந்தவர்கள் வெளியேறாமல் இருந்ததற்கு நாட்டுப்பற்று மட்டும் காரணமல்ல. ஒரே நேரத்தில் ஓ'காரா, பால் ஓ'கானல், கார்டன் டார்சி, ஹேய்ஸ் போன்றவர்கள் கூடிவந்ததும் அவருக்கு வாய்த்த பேறு. டார்சியோடு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட டெஸ்டில் சென்டர் இணையாக ஆடினார்.

இங்கே குரோக் பார்க் பற்றி ஒரு வார்த்தை. அது ரக்பி அரங்கமே அல்ல. அயர்லாந்தின் மரபான கேலிக் விளையாட்டுகளின் கோயில். 1920இல் ஆங்கிலேயப் படைகள் ஆட்டத்துக்கு நடுவே புகுந்து சுட்டு 14 பேரைக் கொன்ற இடம். வெளிநாட்டு ஆட்டங்களுக்கு அங்கே தடை இருந்தது. பழைய லேன்ஸ்டவுன் சாலை அரங்கம் இடித்துக் கட்டப்பட்டபோது அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2007 பிப்ரவரி 24 அன்று அங்கே முதன்முதலாக ஆங்கிலேய நாட்டுப் பண் ஒலித்தது, கூட்டம் அமைதியாக நின்று மரியாதை செய்தது. பிறகு அயர்லாந்து 43-13 என்று இங்கிலாந்தை வென்றது. வடக்கும் தெற்கும் இரண்டு அரசுகளாகப் பிரிந்த தீவில், ஒரே அணியாக ஆடும் விளையாட்டு ரக்பி. அந்த அணியை அன்று வழிநடத்தியவர் ஓ'டிரிஸ்கால். 83 முறை அயர்லாந்தின் தலைவராக இருந்தார். அந்த ஒரு நாளுக்காக மட்டுமே அந்தப் பொறுப்பைச் சுமந்திருந்தாலும் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறைகளைத் தள்ளிவிட முடியாது. நான்கு உலகக் கோப்பை ஆடியும் காலிறுதியைத் தாண்டவில்லை. 2003இல் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் 17-16 என்று தோற்ற ஆட்டத்தில் ஒரு ட்ரையும் ஒரு டிராப் கோலும் அடித்தார். காலிறுதியில் பிரான்ஸ் 43-21 என்று அனுப்பிவைத்தது. 2011இல் ஆஸ்திரேலியாவை வென்று எழுந்த நம்பிக்கையை வெலிங்டனில் வேல்ஸ் 22-10 என்று அணைத்தது. நியூசிலாந்தை அவர் ஒரு முறைகூட வென்றதில்லை. 2013 நவம்பரில் டப்ளினில் 19-0 என்று முன்னிலை பெற்று, கடைசி நிமிடம் கடந்த பிறகு 24-22 என்று இழந்தார்கள். அந்த அணியை அயர்லாந்து முதன்முதலாக வென்றது 2016இல் சிகாகோவில், அவர் போன பிறகு. உலக ஆண்டு வீரர் விருதுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. இவற்றில் உலகக் கோப்பைத் தோல்வியை அவர் மேல் சுமத்த மாட்டேன். அவர் போன பிறகும் அயர்லாந்து இன்றுவரை காலிறுதியைத் தாண்டவில்லை, உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்றுப் போன 2023இலும்கூட.

காட்லண்ட் மீண்டும் வருவது 2013இல். லயன்ஸ் ஆஸ்திரேலியப் பயணம், தொடர் 1-1. ஓ'டிரிஸ்காலுக்கு அது நான்காவது லயன்ஸ் பயணம். ஒரு தொடரும் வென்றதில்லை. தலைவர் வார்பர்ட்டன் காயத்தில் இருந்தார், தீர்மான ஆட்டத்தில் ஓ'டிரிஸ்கால்தான் தலைமை தாங்குவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 20 வயதில் அவரை அறிமுகப்படுத்திய அதே காட்லண்ட், 34 வயதில் அவரை அணியிலிருந்தே நீக்கினார், மாற்று ஆட்களின் பட்டியலிலும் சேர்க்கவில்லை. வேல்ஸின் ஜோனதன் டேவிஸ் 13ஆம் எண் அணிந்தார். அயர்லாந்து கொதித்தது. லயன்ஸ் 41-16 என்று வென்றது. முடிவு சரி என்று ஆட்டம் காட்டிவிட்டது என்பார்கள். அன்று முன்வரிசை ஆஸ்திரேலியாவை, இரு முன்வரிசைகளும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் நசுக்கிய விதத்தைப் பார்த்தால், 13இல் யார் நின்றிருந்தாலும் லயன்ஸ் வென்றிருக்கும் என்பதே என் கணிப்பு. காட்லண்டுக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் கடுமையான நிமிடங்களில் யார் முடிவெடுப்பது என்பதைப் பற்றிய அவருடைய கணிப்பு தவறு. ஓ'டிரிஸ்கால் பொதுவில் குறை கூறாமல், மற்றவர்களுக்குப் பயிற்சியில் உதவி, சிட்னியில் வெற்றிக் களத்தில் சாதாரண உடையில் நின்றார்.

அந்த 2013 இன்னொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. மார்ச்சில் பிரான்ஸுக்கு எதிராகத் தலையில் அடிபட்டுத் தள்ளாடி வெளியேறியவர், சற்று நேரத்தில் மீண்டும் களத்துக்கு வந்தார். ரசிகர்கள் அதை வீரம் என்று கைதட்டினார்கள். நான் கைதட்ட மாட்டேன். அவருடைய உறவினரான மருத்துவர் பேரி ஓ'டிரிஸ்கால், முந்தைய ஆண்டுதான் உலக ரக்பி நிர்வாகத்தின் மருத்துவக் குழுவிலிருந்து விலகியிருந்தார். தலையில் அடிபட்டவரை ஐந்து நிமிடம் சோதித்து மீண்டும் அனுப்பும் முறை ஆபத்தானது என்பதே அவர் எதிர்ப்பு. தம் குடும்பத்துப் பிள்ளை விஷயத்திலேயே அந்த எச்சரிக்கை கண்முன் நடந்தது. மூளை அதிர்ச்சியால் நினைவாற்றல் குன்றிய முன்னாள் வீரர்கள் இன்று வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். 133 என்ற எண்ணை எழுதும்போது, அதற்கு உடல் கொடுத்த விலையையும் பக்கத்தில் எழுதாத கணக்கு அரைகுறைக் கணக்கு.

ஆக, பிரித்துப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? ஆட்ட எண்ணிக்கையைக் காலத்துக்குக் கொடுத்துவிடலாம், அது முறிந்துவிட்டது. கோப்பைகளை ஒரு தலைமுறைக்கும் சங்கத்தின் திட்டத்துக்கும் பங்கிடலாம். உடைந்த உடலோடு தன்னை மாற்றிக்கொண்டு முப்பதில் உச்சம் தொட்டது அவருடையது, அதில் யாருக்கும் பங்கில்லை. ட்ரைகளும் அவருடையவையே. 2016இல் அவரை உலக ரக்பியின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள், அது மரியாதை. சான்று அயர்லாந்தின் ட்ரை பட்டியலில் இருக்கிறது. அவருக்கு அடுத்த மூவர் கீத் எர்ல்ஸ் 36, டாமி போ 30, டெனிஸ் ஹிக்கி 29. மூவரும் ட்ரை அடிப்பதையே வேலையாகக் கொண்ட விங் வீரர்கள், மூவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். முதலிடத்தில் 46 ட்ரையோடு ஒரு சென்டர் இருக்கிறார்.